சருகுக்குள் ஒளிந்து வாழும் குட்டி எறும்புகள்: தேடும் விதமும் இனம் காணும் விதமும்

நிழலில் ஈரமாகக் கிடக்கும் சருகை ஒரு கைப்பிடி அள்ளி, வெள்ளைத் தட்டில் மெல்லிசாகப் பரப்புங்கள். தட்டை ஆட்டாமல், மூச்சுக் காற்றுகூடப் படாமல் மூன்று நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள். முதல் நிமிடத்தில் ஓடுகிறவை பெரும்பாலும் தெரிந்த முகங்கள்தான்: சிலந்திக் குஞ்சு, மரவட்டை, வேகமாக ஓடும் ஏதோ ஓர் எறும்பு. இரண்டாம் நிமிடத்தில் வெள்ளைப் புள்ளிகள் சில துள்ளும். அவை ஸ்பிரிங்டெயில்கள், மட்கைத் தின்று வாழும் குட்டிப் பூச்சி போன்ற உயிர்கள். மூன்றாம் நிமிடத்தில், மண் துகள் என்று நீங்கள் ஒதுக்கிவிட்ட ஒன்று மெல்லக் கால் நீட்டி நகரத் தொடங்கும். அதைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம்.

நாம் தினமும் பார்க்கும் எறும்புகள் வரிசை கட்டிப் போகிறவை. சர்க்கரை டப்பாவுக்கு வரும் சித்தெறும்பு, மரமேறும் கட்டெறும்பு, மாவிலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் முசுறு எல்லாம் இந்த வகை. உலகில் இதுவரை பெயர் சூட்டப்பட்ட எறும்பினங்கள் 14,000க்கு மேல். இந்தியாவில் மட்டும் 800க்கு மேல். இவற்றில் கணிசமானவை வரிசை கட்டுவதில்லை, சர்க்கரையைச் சீண்டுவதில்லை, வெயிலில் தலைகாட்டுவதும் இல்லை. சருகுக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள இரண்டு அங்குலத்தில் பிறந்து, வேட்டையாடி, அங்கேயே சாகின்றன.

அந்த வாழ்க்கைக்கேற்ற உடல் இவற்றுக்கு. நீளம் 1 முதல் 3 மி.மீ. இருட்டில் பயனில்லாததால் கண் சிறுத்து ஒரு புள்ளியாகிவிட்டிருக்கும், அல்லது அறவே இருக்காது. இடுக்கில் நுழைய வசதியாகக் காலும் உணர்கொம்பும் குட்டை. வெயிலே படாததால் பல இனங்கள் வெளிர் மஞ்சள். ஒரு குடும்பத்தில் சில டஜன் முதல் சில நூறு வேலைக்காரிகள்தான் இருக்கும். ஆகவே, பார்த்ததில்லை என்பதற்காக ஓர் இனத்தை அரிது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நின்றுகொண்டு தரையைப் பார்க்கிறவருக்கு அவை அகப்படுவதில்லை, அவ்வளவுதான்.

எங்கே, எப்போது

மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளும் சோலைகளும் இந்தத் தேடலுக்கு முதல்தரமான இடங்கள். இலங்கையின் ஈரவலயக் காடுகளும் அப்படியே. ஆனால் தொடங்குவதற்குக் காடு வேண்டியதில்லை. பழைய மாந்தோப்பு, நிழல் மரம் உள்ள காப்பித் தோட்டம், பல வருடம் கூட்டிப் பெருக்காத கோயில் நந்தவனம், தென்னந்தோப்பில் மட்டை குவித்த மூலை எதுவும் போதும். சருகு 3 செ.மீ. கனமாவது இருக்க வேண்டும். மேலே காய்ந்தும் அடியில் ஈரமாகவும், விரலில் எடுத்தால் மட்கு வாசனை வர வேண்டும். மரத்தின் அடிவேர்கள் பலகைபோல விரிந்திருந்தால் அந்த மடிப்புகளுக்கு நடுவே சேர்ந்திருக்கும் சருகுதான் முதல் தேர்வு.

காலம் இடத்தைப் பொறுத்தது. கீழைத் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை தணிந்ததும், அதாவது டிசம்பர், ஜனவரி நல்லது. மலையின் மேற்குச் சரிவில் செப்டம்பர் கடைசியில் போகலாம். கொட்டும் மழையிலோ மறுநாளோ போனால் ஏமாற்றம்தான்: நனைந்த சருகு சல்லடையில் அப்பிக்கொள்ளும், எறும்பும் இலையோடு ஒட்டிக்கொள்ளும். மழை விட்டு இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும். கோடையில் இவை சருகை விட்டு மண்ணுக்குள் இறங்கிவிடும். அப்போது கிடைக்காததை வைத்து அங்கே அந்த இனம் இல்லை என்று எழுதக் கூடாது.

ஒரு முக்கியமான விஷயம். வனவிலங்குச் சரணாலயம், தேசியப் பூங்கா, காப்புக் காடு ஆகியவற்றில் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் எறும்புதானே என்று எதையும் எடுக்கக் கூடாது. இலங்கையின் சிங்கராஜா போன்ற இடங்களிலும் இதே கதைதான். தனியார் தோட்டமென்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். தொடங்குகிறவர்களுக்கு இதுவே தொல்லையில்லாத வழி.

கையில் வேண்டியவை

பட்டியல் சின்னது. வெளிர்நிறத் தட்டு அல்லது பழைய வெள்ளை வேட்டித் துணி. எவர்சில்வர் தட்டு வேண்டாம், கண் கூசும். 8 முதல் 10 மி.மீ. கண் உள்ள சல்லடை. கட்டட வேலையில் மணல் சலிக்கும் பெரிய கண் சல்லடையே சரியாக இருக்கும். ஓவியம் தீட்டும் பிரஷ், பூஜ்யம் எண். மூடி இறுகும் சின்னக் குப்பிகள். 10 மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ். நகை மதிப்பீட்டாளர்கள் வைத்திருப்பார்களே, அந்த மடக்கு லென்ஸ்தான். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஸ்பிரிட். உருவத்தைப் பார்க்க மட்டும் இது போதும். டி.என்.ஏ. ஆய்வுக்கு அனுப்பும் எண்ணமிருந்தால் 95 சதவீத எத்தனால் வேண்டும், அதை ஆய்வுக்கூடம் வழியாகப் பெறுவதுதான் நடைமுறை.

எறும்பை எடுக்க இடுக்கி வேண்டாம். 1.5 மி.மீ. எறும்பை இடுக்கியால் பிடித்தால் இடுப்பு நசுங்கும். பின்னால் அடையாளம் காணத் தேவைப்படுவதே அந்த இடுப்புதான். பிரஷ் நுனியை ஸ்பிரிட்டில் தொட்டு எறும்பின் மேல் வைத்தால் தானாக ஒட்டிக்கொண்டு வரும். அப்படியே குப்பிக்குள் முக்கிவிடலாம். வாயால் இழுக்கும் உறிஞ்சுகுழல் வேகமான கருவி என்பது உண்மை. ஆனால் உள்முனையில் நெருக்கமான வலைத்துணி கட்டாமல் பயன்படுத்தினால் எறும்பும் பூஞ்சைத் தூசும் தொண்டைக்குள் போகும். முசுறுபோல ஃபார்மிக் அமிலம் பீய்ச்சும் எறும்புகளை அதில் இழுத்தால் இருமல் அடங்க நேரமாகும்.

சலிப்பதும் காத்திருப்பதும்

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்துக்குக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் சருகை, அடியிலுள்ள தளர்ந்த மட்கோடு சேர்த்துச் சீக்கிரமாக வழித்துச் சல்லடையில் போடுங்கள். மெதுவாக எடுத்தால் அதிர்வை உணர்ந்து பாதி எறும்பு மண்ணுக்குள் போய்விடும். பெரிய இலைகளைக் கையால் உடைத்து, உக்கிய குச்சிகளை ஒடித்து, ஒரு நிமிடமாவது பலமாக ஆட்ட வேண்டும். நாசூக்காக ஆட்டினால் எறும்பு இலையின் சுருளிலேயே தங்கிவிடும். கீழே விழுந்த பொடி மட்கை ஒரு துணிப்பையில் கட்டி நிழலில் வையுங்கள். வெயிலில் பத்து நிமிடம் விட்டால் உள்ளே எல்லாம் வெந்துவிடும்.

இந்தப் பொடியிலிருந்து எறும்பைப் பிரிக்க இரண்டு வழி. முதலாவது கண்ணால் பொறுக்குவது: ஒரு தேக்கரண்டி அளவாகத் தட்டில் தூவி, முன்பு சொன்னபடி மூன்று நிமிடம் காத்திருப்பது. அள்ளிக் கொட்டிவிட்டுக் கிளறிக் கிளறிப் பார்ப்பதுதான் புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் செய்யும் தவறு. கிளறினால் இவை உடம்பைச் சுருட்டிச் செத்ததுபோலக் கிடக்கும், அதுவும் சில நிமிடங்களுக்கு.

இரண்டாவது வழி எறும்பைத் தானே வெளியே வரவைப்பது. மட்கு மேலிருந்து காயக் காய, ஈரம் தேடும் உயிர்கள் கீழே இறங்கும்; இறங்கும் வழியில் ஒரு பாத்திரம் வைத்தால் விழும். தத்துவம் இவ்வளவுதான். இத்தாலியின் அந்தோனியோ பெர்லேசே 1905இல் இதற்கென ஒரு புனலை வடிவமைத்தார். பின்னர் சுவீடனின் டுல்கிரென் அதன் மேல் மின்விளக்கைச் சேர்த்தார். வீட்டில் செய்வதும் எளிது. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல் பாகத்தை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்தால் புனல். அதன் கழுத்தருகே 3 அல்லது 4 மி.மீ. கண் உள்ள வலை. அதன்மேல் 5 செ.மீ. கனத்துக்கு மட்கு. அடியில் இரண்டு விரற்கடை ஸ்பிரிட் ஊற்றிய டம்ளர்.

இதில் மூன்று இடத்தில் சறுக்கும். முதலாவது விளக்கு. எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், போதிய சூடு தராது. பழைய குண்டு பல்பு வேண்டும், அதுவும் 25 வாட்டுக்கு மேல் கூடாது. மட்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் தொங்கவிடுங்கள். கிட்டே வைத்தால் மேல்பகுதி சட்டென்று காய்ந்து, 1 மி.மீ. எறும்புகள் இறங்க நேரமில்லாமல் இருந்த இடத்திலேயே செத்துப்போகும். காய்ந்த சருகுக்கு மேல் சூடான பல்பு என்பதால் ஆளில்லாத வீட்டில் எரியவிட்டுப் போவதும் ஆபத்து. இரண்டாவது, புனலில் மட்கைக் கொட்டும்போதே மண் பொடி டம்ளரில் விழுந்து ஸ்பிரிட் சேறாகிவிடும். முதலில் வெறும் காகிதத்தின் மேல் புனலை நிறுத்திக் கொட்டி, உதிர்ந்ததைத் திரும்ப மேலே போட்டு, ஆட்டம் நின்ற பிறகு டம்ளரை வையுங்கள். மூன்றாவது, ஸ்பிரிட் ஆவியாகிவிடும். காலை மாலை பார்த்து ஊற்ற வேண்டும்.

விளக்கே இல்லாத முறையும் உண்டு, அதுதான் விங்க்லர் பை. வலைப்பையில் மட்கைப் போட்டு, அதைக் கூம்பு வடிவத் துணிப்பைக்குள் தொங்கவிட்டு, கூம்பின் நுனியில் ஸ்பிரிட் குப்பியைக் கட்டிவிடுவார்கள். மின்சாரமில்லாத காட்டு முகாமுக்கு இது ஏற்றது. மெதுவாகக் காய்வதால் நுணுக்கமான இனங்களும் தப்பாமல் இறங்கும் என்பதால் நம் ஓட்டு இதற்கே. 48 மணி நேரம் தொங்கவிடுவது வழக்கம், மட்கு ஈரமாக இருந்தால் 72. சருகு எறும்புகளுக்காக 2000இல் வெளியான சர்வதேச நெறிமுறையும் இதைத்தான் சொல்கிறது: 200 மீட்டர் கோட்டில் 10 மீட்டருக்கு ஒன்றாக, ஒரு சதுர மீட்டர் அளவில் 20 மாதிரிகள். இரண்டு காடுகளை ஒப்பிட வேண்டுமென்றால் இந்த அளவுகளை மாற்றாமல் பின்பற்றுங்கள். தோட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க மட்டுமென்றால் நான்கு மாதிரி போதும்.

குச்சிக்குள்ளும் மண்ணுக்குள்ளும்

சருகில் கிடக்கும், பென்சில் கனமுள்ள உக்கிய குச்சிகளைத் தட்டுக்கு மேலே பிடித்து ஒடியுங்கள். பத்தில் ஒன்றில் ஒரு முழுக் குடும்பமே இருந்தாலும் ஆச்சரியமில்லை: ராணி, முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் அரை விரல் நீளத்துக்குள். இங்கே ஐந்து முதல் பத்து வேலைக்காரிகள் எடுத்தால் போதும். ராணியை விட்டுவிட்டு, குச்சியைச் சேர்த்து வைத்து, எடுத்த இடத்திலேயே சருகால் மூடிவிடுங்கள். கல்லைப் புரட்டினாலும் அப்படியே: இருந்த பக்கம், இருந்த குழியில்.

குச்சித் தேடலின் அருமையைச் சொல்ல இலங்கையின் அனியூரெடஸ் சிமோனி என்ற எறும்பைவிட நல்ல சான்று கிடையாது. பிரெஞ்சுச் சிலந்தி ஆய்வாளர் சிமோன் 1892இல் இலங்கையில் சேகரித்தவற்றைப் பார்த்து, 1893இல் இத்தாலியின் கார்லோ எமெரி இதற்குப் பெயர் வைத்தார். ஒரு காலத்தில் வேறு கண்டங்களிலும் வாழ்ந்து, இன்று பெரும்பாலும் புதைபடிவமாகவே எஞ்சியிருக்கும் துணைக்குடும்பம் (எறும்புக் குடும்பத்தின் பெரிய உட்பிரிவு) ஒன்றில் உயிரோடு மிஞ்சிய ஒரே இனம் இதுதான். 1955இல் அமெரிக்க எறும்பு ஆய்வாளர் எட்வர்ட் வில்சன் இதைத் தேடி இலங்கைக்கு வந்தார். கண்டியில் தேடி அகப்படவில்லை. பிறகு இரத்தினபுரிப் பக்கத்துக் காட்டில் அகப்பட்டது. இரண்டு மூன்று மி.மீ. நீளமுள்ள மஞ்சள் எறும்பு, காட்டுத் தரையில் கிடக்கும் உக்கிய மரத்துண்டுகளில் கூடு வைப்பது. இன்று அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. அதனால் அதைக் கண்டால் படம் எடுத்துவிட்டு மூடிவிடுவதே சரி.

மண்ணுக்குள் வாழ்பவை இன்னும் கஷ்டம். 20 செ.மீ. சதுரத்தில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, மண்கட்டியை அப்படியே தட்டில் வைத்து விரலால் உதிர்க்க வேண்டும். கரேபாரா பேரினத்தின் (பேரினம் என்பது நெருங்கிய இனங்களின் தொகுதி) சின்ன வேலைக்காரிகள் 1 மி.மீ. மஞ்சள் தூள்போல இருக்கும். பெரிய தலையுள்ள படைவீரர்களும் அதே கூட்டத்தில் உண்டு. இரண்டையும் எடுக்காவிட்டால் இனம் பிரிப்பது சிரமம். எண்ணெய் இரையும் உதவும்: பக்கவாட்டில் 2 மி.மீ. துளைகள் போட்ட சின்னக் குழாயில் கருவாட்டுத் தூளை நல்லெண்ணெயில் பிசைந்து அடைத்து, நூல் கட்டி, 15 செ.மீ. ஆழத்தில் ஒரு நாள் புதைத்து வையுங்கள். மேல்தரையில் வைக்கும் சர்க்கரை, பிஸ்கட் இரைகளை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். அரை மணி நேரத்தில் நெருப்பெறும்போ மஞ்சள் பைத்திய எறும்போ வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தனியாக வேட்டையாடும் சருகு எறும்புகளோ இனிப்பைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

முதலில், அது எறும்புதானா?

தட்டில் நகர்வதெல்லாம் எறும்பில்லை. கறையானின் உணர்கொம்பு மணி கோத்ததுபோல நேராக இருக்கும், இடுப்பு ஒடுங்காது. எறும்பு வேஷம் போடும் சிலந்திக்கு எட்டுக் கால். அதிகம் ஏமாற்றுவது இறக்கையில்லாத குட்டிக் குளவிகள்தான். எறும்பென்றால் இரண்டு அடையாளம் சேர்ந்தே இருக்க வேண்டும்: முழங்கைபோல மடங்கிய உணர்கொம்பு, மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே தனியாகத் தெரியும் ஒரு முடிச்சு அல்லது இரண்டு. குளவிக்கு அந்த முடிச்சு கிடையாது.

நிறத்தை நம்பாதீர்கள், எண்ணுங்கள்

இனம் காணும் வேலையில் புதியவர்கள் தவறுவது நிறத்தாலும் அளவாலும்தான். சற்று முன் கூட்டுப்புழுவிலிருந்து வந்த எறும்பு எந்த இனமானாலும் வெளிறித்தான் இருக்கும். ஒரே கூட்டில் 1 மி.மீ. எறும்பும் அதன் மூன்று மடங்கு எறும்பும் இருக்கலாம். ஸ்பிரிட்டில் கிடந்தாலும் நிறம் மங்கும். மாறாதவை எண்ணிக்கைகள்: இடுப்பு முடிச்சு எத்தனை, உணர்கொம்பில் கணு எத்தனை, அதன் நுனியில் பருத்த கணு எத்தனை.

சமையலறையிலேயே இதைப் பழகலாம். மேடையில் தலை கறுத்து உடல் வெளுத்து ஓடும் ஒன்றரை மி.மீ. எறும்புகள் பல வீட்டில் உண்டு. அது டாபினோமா மெலனோசெஃபாலமாக இருக்கலாம், மோனோமோரியம் ஃப்ளோரிகோலாவாகவும் இருக்கலாம். லென்ஸ் வைத்துப் பாருங்கள். டாபினோமாவுக்கு இடுப்பில் ஒரே முடிச்சு, அதுவும் வயிற்றின் அடியில் மறைந்து முடிச்சே இல்லாததுபோலத் தெரியும். தலையும் மார்பும் கறுப்பு, வயிறு பால்நிறம். விரலில் நசுக்கினால் சிக்குப் பிடித்த தேங்காய் வாசனை வரும். மோனோமோரியத்துக்கு இரண்டு முடிச்சு தெளிவாக நிற்கும். தலையும் வயிறும் கறுப்பு, நடுவே மார்பு மட்டும் வெளிர். நெருங்கிய உறவே இல்லாத இரண்டும் ஊர்வழக்கில் ஒரே சித்தெறும்பு. பிள்ளையார் எறும்பு என்ற பெயரும் இப்படித்தான்: கடிக்காத சின்னக் கறுப்பெறும்பு எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர்.

இனி வரிசையாகப் பார்க்கலாம். முதல் கேள்வி முடிச்சு. ஒரு முடிச்சென்றால் வயிற்றின் நுனியைப் பாருங்கள். நுனியில் மயிர் சூழ்ந்த சிறு வட்டத் துளை இருந்தால் ஃபார்மிசினே துணைக்குடும்பம். குட்டிகளில் பிளாஜியோலெபிஸ் இதில் சேரும், உணர்கொம்பில் 11 கணு. துளை இல்லாமல் குறுக்கே கீறல் போலிருந்தால் டோலிகோடெரினே, அதாவது டாபினோமாவின் கூட்டம். கொடுக்கு நீட்டிக்கொண்டு, வயிற்றின் முதல் வளையத்துக்கும் இரண்டாம் வளையத்துக்கும் நடுவே இறுக்கிக் கட்டியதுபோல ஒடுங்கியிருந்தால் பொனெரினே. சருகில் கிடைக்கும் 2, 3 மி.மீ. பழுப்பு பொனெரினே பெரும்பாலும் ஹைப்போபொனெரா. அதன் அண்ணன் தம்பிபோல இருக்கும் பொனெராவைப் பிரிக்க, இடுப்பு முடிச்சின் அடியில் தொங்கும் சிறு தட்டைப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும்: அதில் ஒளி ஊடுருவும் வட்டச் சன்னல் ஒன்றும் பின்முனையில் ஒரு சோடிப் பல்லும் இருந்தால் பொனெரா, இல்லையென்றால் ஹைப்போபொனெரா. 10 மடங்கு லென்ஸில் இது தெரியாது. மைக்ரோஸ்கோப்பில் 40 மடங்காவது வேண்டும்.

ஒரு முடிச்சோடு, வயிறு முன்பக்கமாக வளைந்து கொக்கிபோல நிற்கிறது, உணர்கொம்பின் கடைசிக் கணு மட்டும் பூதாகரமாக ஊதியிருக்கிறது என்றால் டிஸ்கோதைரியா. சிலந்தி முட்டைகளைத் தின்று வாழ்வது, ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. இருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காத உருவம் இது.

இரண்டு முடிச்சென்றால் பெரும்பாலும் மிர்மிசினே. பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கண்ணே இல்லாமல், உணர்கொம்பு பொருந்தும் குழி முகத்தில் மூடாமல் அப்படியே தெரிந்தால், அது படையெறும்பான ஈனிக்டஸாக இருக்கலாம், அல்லது மண்ணின் ஆழத்தில் வாழும் லெப்டனில்லாவாக இருக்கலாம். மிர்மிசினேயில் அந்தக் குழியை நெற்றியின் மடிப்பு ஒன்று மூடியிருக்கும். மிர்மிசினே என்று உறுதியானதும் உணர்கொம்பை எண்ணுங்கள். முழங்கைக்கு முன்னுள்ள நீளத்தண்டையும் ஒரு கணுவாகச் சேர்க்க வேண்டும். இதை விட்டுவிட்டு 10 கணுவை 9 என்று எண்ணி, சரியான பேரினத்துக்கு வர முடியாமல் முழிப்பவர்கள் ஏராளம். 12 கணு, நுனியில் பருத்தவை 3 என்றால் ஃபைடோலெ, மோனோமோரியம் போன்றவை. 10 கணு, பருத்தவை 2, மார்பின் பின்புறம் முள்ளே இல்லையென்றால் சோலினாப்ஸிஸ். 9 முதல் 11 கணு, பருத்தவை 2, கண் ஒரு புள்ளி, மார்பின் பின்புறம் கோணமோ சிறு பல்லோ இருந்தால் குட்டிக் கரேபாரா என்று சந்தேகிக்கலாம்.

கணு வெறும் 6தான், அல்லது இன்னும் குறைவு என்றால், அதுதான் நீங்கள் மூன்று நிமிடம் காத்திருந்ததற்கான பரிசு: ஸ்ட்ருமிஜெனிஸ். தலை பேரிக்காய் வடிவம், பின்பக்கம் இதயம்போலக் குழிந்திருக்கும். மேலே கரண்டி வடிவ மயிர்கள். இடுப்பைச் சுற்றிப் பஞ்சு சுற்றியதுபோல நுரைத்த திசு. வேறு எந்தச் சருகு எறும்பிலும் இவ்வளவு துலக்கமாக இதைக் காண முடியாது. சில இனங்களுக்கு நீண்ட மெல்லிய தாடை, சிலவற்றுக்குக் குட்டையான முக்கோணத் தாடை. உயிருள்ள ஒன்றை ஈரப் பஞ்சு வைத்த டப்பாவில் ஸ்பிரிங்டெயில்களோடு விட்டுப் பாருங்கள். நீண்ட தாடைக்காரி வாயை அகலத் திறந்து பூட்டிக்கொண்டு, ஓர் அடி எடுத்து வைத்து நின்று, மறுபடி ஓர் அடி வைப்பாள். தாடையருகே நீட்டியிருக்கும் மயிர் இரையைத் தொட்ட கணம் தாடை மூடிவிடும். மூடுவதை நம் கண் பார்ப்பதில்லை. இரை தாடையில் இருப்பதைத்தான் பார்க்கும். ஸ்பிரிங்டெயில் துள்ளித் தப்பும் பிராணி என்பதால் துரத்திப் பிடிக்க வழியில்லை. இந்த எறும்பின் நிதானமெல்லாம் அதற்குத்தான்.

பார்ப்பதில் உள்ள சூட்சுமம்

ஸ்பிரிட்டில் மிதக்கும் எறும்பை எண்ணப் பார்த்தால் அது உருண்டுகொண்டே இருக்கும். கை கழுவும் சானிடைசர் ஜெல்லை, நிறமில்லாத வகையாகப் பார்த்து, சிறு தட்டில் ஊற்றி அதற்குள் எறும்பை நிறுத்துங்கள். எந்தக் கோணத்தில் வைத்தாலும் நிற்கும், கெட்டும் போகாது. ஜெல்லில் குமிழி இருந்தால் ஓர் இரவு மூடி வைத்தால் போய்விடும். மயிரையும் மேல்தோலின் செதுக்கலையும் பார்க்க வேண்டுமென்றால் எறும்பை வெளியே எடுத்து, டிஷ்யூ காகிதத்தில் ஒற்றி, இரண்டு நிமிடம் உலரவிட வேண்டும். வெளிச்சம் நேராக விழுந்தால் உடல் கண்ணாடிபோல மின்னி எதுவும் தெரியாது. விளக்குக்கும் எறும்புக்கும் நடுவே டிரேசிங் காகிதம் ஒன்றைச் சுற்றி நிறுத்தினால் செதுக்கல் எழுந்து நிற்கும்.

செல்போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் முடிச்சை எண்ணவும், ஸ்ட்ருமிஜெனிஸ் போன்ற தனித்த உருவங்களைக் கண்டுகொள்ளவும் உதவும். ஒன்றரை மி.மீ. எறும்பின் கணுக்களை அதில் எண்ணலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். படம் எடுப்பதாக இருந்தால் மூன்று படம் கட்டாயம்: முகம் நேராக, உடல் பக்கவாட்டில், உடல் மேலிருந்து. மேலிருந்து எடுத்த ஒரே படத்தை வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஒப்பிட, கலிஃபோர்னியா அறிவியல் கழகத்தின் ஆன்ட்வெப் தளத்தில் இதே மூன்று கோணங்களில் படங்கள் இருக்கின்றன. நாட்டையும் பேரினத்தையும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். இந்திய எறும்புகளுக்கு பிங்காம் 1903இல் எழுதிய தொகுதி இன்னும் கைகொடுக்கிறது. ஆனால் அதிலுள்ள பல பெயர்கள் இன்று வழக்கில் இல்லை. அதில் ஃபைடோலோஜெட்டன் என்றிருப்பது இன்று கரேபாராவில் அடக்கம். பழைய பெயரில் தேடிவிட்டுப் பதிவே இல்லை என்று முடிவுகட்டுவதற்கு முன், பெயர் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பேரினம் வரை வருவது ஒரு மாதப் பழக்கத்தில் கைகூடும். இனம் வரை போவது வேறு விஷயம். சருகு எறும்புகளில் இன்னும் பெயர் சூட்டப்படாதவை நிறைய. பெயர் உள்ளவற்றிலும் சிலவற்றை ராணியோ ஆணோ இல்லாமல் பிரிக்க முடிவதில்லை. உறுதியில்லாதபோது அருகிலிருக்கும் பெயரை ஒட்டவைக்காமல் ‘ஸ்ட்ருமிஜெனிஸ் இனம் 1’, ‘இனம் 2’ என்று எழுதிவையுங்கள். ஆய்வாளர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அந்த எண்ணுக்குப் பொருள் இருப்பது குப்பிக்குள் போடும் சீட்டால்தான். சீட்டு வெளியே ஒட்டுவதாக இருக்கக் கூடாது, ஸ்பிரிட் கசிந்தால் பசை விட்டுவிடும். உள்ளே போடும் சீட்டைப் பென்சிலில் எழுத வேண்டும். பந்துமுனைப் பேனா மை ஒரு வாரத்தில் கரைந்து நீலத் தண்ணீராகிவிடும். மாவட்டம், ஊர், அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, எடுத்த முறை, எடுத்தவர் பெயர். கூடவே இடத்தைப் பற்றி ஒரு வரி: ‘பலா மரத்தடி, 5 செ.மீ. சருகு, பென்சில் கனக் குச்சிக்குள்’. அந்த ஒரு வரியைத்தான் பலர் எழுதாமல் விடுகிறார்கள். ஆனால் அடுத்த மழைக்குப் பிறகு அதே எறும்பைத் திரும்பத் தேடிப் போகும்போது, முதலில் எடுத்துப் படிப்பது அந்த வரியைத்தான்.